சுவர் காயட்டும்

‘அத்தை, இந்தச் சுவரு என் மூச்சைக் குடிக்குது. இன்னும் ஒரு மழைக்கு நான் இங்கே இருந்தா, என்னைப் பெட்டியில வெச்சுத்தான் தூத்துக்குடிக்கு அனுப்புவீங்க.’

இதுதான் உங்கள் மகள் சொன்னது, சம்பந்தியம்மா. ஒரு எழுத்து கூட்டவில்லை, ஒரு எழுத்து குறைக்கவில்லை. உங்களிடம் ஃபோனில் என்னவெல்லாம் சொன்னாளோ எனக்குத் தெரியாது. என்னிடம் முகத்துக்கு நேராக, இதே ஹாலில், நீங்கள் இப்போது உட்கார்ந்திருக்கிற அதே நாற்காலியைப் பிடித்துக்கொண்டு சொன்னாள். பெட்டியாம்! வாயில் வருகிற வார்த்தையைப் பாருங்கள். நான் படித்த கான்வென்ட்டில் இப்படிப் பேசியிருந்தால், சிஸ்டர் பிரிஜித் உப்புத் தண்ணீரில் வாய் கொப்பளிக்க வைத்திருப்பார்.

உட்காருங்கள், ஏன் எழுந்திருக்கிறீர்கள்? ராத்திரி முழுக்க பஸ்ஸில் குலுங்கி, மேட்டுப்பாளையத்தில் மாறி, அத்தனை வளைவும் சுற்றி வந்திருக்கிறீர்கள். முகமே வெளுத்துக் கிடக்கிறது. முதலில் காப்பியைக் குடியுங்கள். ஜெனோவா தூங்குகிறாள். தூங்கட்டும். மூன்று மாதத்தில் இன்றைக்குத்தான் அந்தப் பெண் இப்படித் தூங்குகிறாள். நீங்களே காது கொடுத்துக் கேளுங்கள், ஒரு இருமல் கேட்கிறதா? கேட்காது. நேற்று இந்த நேரத்துக்கு வந்திருந்தால் கேட்டைத் திறக்கும்போதே கேட்டிருக்கும். லொக்கு லொக்கென்று, நடுநடுவே ஒரு விசில் சத்தத்தோடு. இன்றைக்கு மணி ஒன்பதாகப் போகிறது, ஒரு தடவை இருமவில்லை. யார் செய்த வேலை? நான் செய்த வேலை. அதைத்தான் சொல்ல வருகிறேன்.

சொல்லாவிட்டால் நீங்கள் உங்கள் பெண் சொன்னதை மட்டும் கேட்டுவிட்டு, பெட்டி படுக்கையைக் கட்டிக்கொண்டு போய்விடுவீர்கள். அதற்குத்தானே வந்திருக்கிறீர்கள்? எனக்குத் தெரியும்.

ஜூலையில் ஆரம்பித்தது. முதலில் ஆல்ட்ரினுடைய பெல்ட்டில் பார்த்தேன். உங்கள் மருமகன்தான் வாரம் முழுக்க கோயம்புத்தூரில் கிடந்துவிட்டு சனிக்கிழமை வருகிறவனாயிற்றே, பெல்ட் ஆணியிலேயே தொங்கிக்கொண்டிருந்தது. மேலே மைதா தூவினாற்போல் இருந்தது. துடைத்தேன், போய்விட்டது. அடுத்த வாரம் ஷூவில். அதற்கடுத்த வாரம் என் கல்யாணப் புடவையில், ஜரிகைக்குப் பக்கத்திலேயே, பச்சையாக. பூஞ்சை குன்னூருக்குப் புதிதா? நான் இங்கேயே பிறந்து இங்கேயே வாழ்க்கைப்பட்டவள். மழை பிடித்தால் அப்பளம் நமுத்துப் போகும். உப்பு ஜாடிக்குள்ளேயே கரைந்து தண்ணீராக நிற்கும். தீக்குச்சியை உரசினால் மருந்து மட்டும் பிய்ந்து வரும், நெருப்பு வராது. இதற்கெல்லாம் நாங்கள் யாரும் அம்மாவுக்கு ஃபோன் போட்டு அழுததில்லை.

ஆனால் அவர்கள் ரூமில் வந்தது வேறு மாதிரி. ஒப்புக்கொள்கிறேன். பீரோவை நகர்த்திப் பார்த்தால், கடுகு தாளிக்கும்போது தெறித்தாற்போல் கறுப்புப் புள்ளிகள். விரலால் எண்ணிவிடலாம். பத்து நாள் கழித்து எண்ண முடியவில்லை. இன்னும் பத்து நாளில் புள்ளியே இல்லை, ஒரே கறுப்பு.

நான் என்ன நினைத்தேன் என்று ஒளிக்காமல் சொல்கிறேன். உங்கள் பெண்ணின் தலைமுடிதான் காரணம் என்று நினைத்தேன். தினமும் தலைக்குக் குளிக்கிறாள். இந்தக் குளிரில் யாராவது தினமும் தலைக்குக் குளிப்பார்களா? கேட்டேன்.

‘ஈரத் தலையோட அந்த ரூமுக்குள்ளேயே உட்கார்ந்திருந்தா, அந்த ஈரமெல்லாம் எங்கே போகும்? சுவருக்குத்தான் போகும்.’

‘அத்தை, என் தலையில நிக்கிறது ஒரு டம்ளர் தண்ணி. நீங்க எங்க ரூமுக்குள்ள கொடி கட்டி வீட்டுத் துணி பூரா காயப் போடுறீங்களே, பெட்ஷீட்டு, திரைச்சீலைன்னு, அது எத்தனை வாளித் தண்ணி?’

எப்படி? மூக்குக்கு மேல் கோபம் வந்தது. வெளியே போட்டால் மழை காய வைத்துத் தருமா? உங்கள் ஊரில் சரி, உப்பளத்து வெயில். துணியைக் கொடியில் போட்டுவிட்டுத் திரும்பினால் மொடமொடவென்று நிற்கும். இங்கே ஒரு உள்பாவாடை காய நாலு நாள். அந்த ரூம்தான் பெரிசு, அங்கேதான் கொடி கட்ட முடியும். என் ரூமில் கட்டியிருக்கலாமே என்று கேட்காதீர்கள். என் ரூமில் ஈரம் இல்லை. இல்லாத ஈரத்தை எதற்குக் கொண்டுபோய் வைக்க வேண்டும்?

இருமல் அதிகமானதும் டாக்டரிடமும் காட்டினோம். ‘பூஞ்சைதான் நெஞ்சுக்குள்ள போகுது, வேற ரூம்ல படுக்க வைங்க’ என்றார். படுக்க வைக்க வேறு எந்த ரூம் இருக்கிறது? ஸ்டோர் ரூம் இருக்கிறது, அது ஒழுகும். என் ரூம் இருக்கிறது. அது என் வீட்டுக்காரர் உயிர் விட்ட ரூம். அதில் நான் படுக்காமல் யார் படுப்பது? நீங்களே சொல்லுங்கள்.

இடியாப்பம் எடுத்துக்கொள்ளுங்கள். விடியற்காலையில் எழுந்து உங்களுக்காகத்தான் பிழிந்தேன். வேண்டாமா? சரி, அவள் எழுந்ததும் சேர்ந்து சாப்பிடுங்கள்.

மாதன் மேஸ்திரியைக் கூப்பிட்டுக் காட்டினேன். நான் ஒன்றுமே செய்யவில்லை என்று யாரும் சொல்லக் கூடாது, பாருங்கள். அவன் சுவரைத் தட்டிப் பார்த்தான், மோந்து பார்த்தான், வெளியே போய் வீட்டைச் சுற்றி வந்தான்.

‘அம்மா, சுவரை ஏன் திட்டுறீங்க? பின்னாடி மேட்டு மண்ணு பூரா சுவர் மேல சாய்ஞ்சு கிடக்குது. பெய்யிற தண்ணியெல்லாம் அதுல எறங்கி, சுவர் வழியா மேலே ஏறுது. ஓதம்னா இதுதான். மண்ணை ரெண்டடிக்கு வெட்டி எடுத்துட்டு வாய்க்கால் விடணும். அதுவரைக்கும் அந்த ஜன்னலைத் தெறந்து போடுங்க.’

‘மண்ணை வெட்டினா என் ஹைட்ரேஞ்சியா?’

‘அதையும் எடுக்கணும்.’

‘அப்படின்னா நீ சுவரை எடுத்துக்கிட்டுப் போ’ என்றேன்.

இருபத்து மூன்று செடி, சம்பந்தியம்மா. கல்யாணமாகி வந்த வருஷம் நட்டது. பங்குத் திருவிழா மலர்க் காட்சியில் நாலு வருஷம் முதல் பரிசு. வேண்டுமானால் ஷெல்ஃபில் பாருங்கள், கப் இருக்கிறது. தினமும் சாயங்காலம் மழை பெய்தாலும் பெய்யாவிட்டாலும் நானே தண்ணீர் விடுவேன். மண்வெட்டி வைத்திருக்கிறவனுக்கு எதைப் பார்த்தாலும் வெட்டத்தான் தோன்றும்.

அவன் போனதும் ஆயில் பெயிண்ட் வாங்கி வந்து ஆள் வைத்து அடித்தேன். இரண்டு கோட்டிங், க்ரீம் கலர். பதினைந்து நாள் கண்ணாடி மாதிரி மின்னியது. உங்கள் பெண்கூட ‘நல்லாருக்கு அத்தை’ என்றாள். அப்புறம் கொப்புளம் விட ஆரம்பித்தது. ஒரு நாள் காலையில் பெரிதாக ஒன்று, உள்ளங்கை அளவு. அழுத்திப் பார்த்தேன். மெத்தென்றிருந்தது, சதை மாதிரி. வெடித்துத் தண்ணீர் என் மணிக்கட்டு வரைக்கும் வழிந்தது. அந்த வாடை இரண்டு நாள் கையை விட்டுப் போகவில்லை. தோல் உரிந்தாற்போல் பெயிண்ட் தொங்க, பின்னால் பார்த்தால் அந்தக் கறுப்பு முன்னைவிட ஜோராக இருந்தது. பெயிண்டுக்கு அடியில் இருந்துகொண்டு வளர்ந்திருக்கிறது.

அதற்கப்புறம் ஜெனோவா ஒரு வேலை செய்தாள் பாருங்கள், அதை என்னால் மன்னிக்கவே முடியவில்லை. பென்சிலை எடுத்து அந்தக் கறுப்பின் ஓரத்தைச் சுற்றிக் கோடு போட்டு, பக்கத்தில் தேதி எழுதினாள். செப்டம்பர் எட்டு. அடுத்த ஞாயிற்றுக்கிழமை இன்னொரு கோடு. செப்டம்பர் பதினைந்து. இப்படியே ஒவ்வொரு ஞாயிறும் பூசை முடிந்து வந்ததும் பென்சிலும் கையுமாகப் போய் நிற்பாள். போட்டோ வேறு எடுத்துப் புருஷனுக்கு அனுப்புவாள். என் வீட்டுச் சுவரில் எனக்கே கேஸ் எழுதுகிறாள்! கோடு ஏறிக்கொண்டே வந்தது. போன ஞாயிற்றுக்கிழமை போட்ட கோடு, அவள் தலையணைக்கு நேராக நின்றது.

‘இப்போ காது கிட்ட வந்திருச்சு அத்தை’ என்றாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள்.

அந்தப் பென்சிலால்தான் ஆல்ட்ரின் கெட்டான். இந்தப் போட்டோக்களைப் பார்த்துப் பார்த்து, கோயம்புத்தூரில் வீடு பார்த்துவிட்டான். மூன்றாவது மாடியாம், நல்ல காற்றோட்டமாம். என்னிடம் சொல்லவில்லை. பெண்டாட்டியிடம் ஃபோனில் பேசுவதை நான் கேட்டேன். அப்புறம் கேட்டால், ‘அம்மா, ஜெனோவா உடம்பு தேறுற வரைக்கும்தாம்மா’ என்கிறான். தேறுகிற வரைக்கும்! இந்தத் தெருவில் அப்படிச் சொல்லிவிட்டு இறங்கிப் போன பிள்ளைகள் யார் திரும்பி வந்தார்கள்? எதிர் வீட்டைப் பாருங்கள், பக்கத்து வீட்டைப் பாருங்கள். பூட்டு துருப்பிடித்துக் கிடக்கிறது. இந்த மலையில் மழை பிடித்தால் வாரக்கணக்கில் மூடுபனியும் தகரக் கூரையில் மழை ஓசையும்தான். பேச்சுத் துணை வேண்டாம், சண்டைத் துணையாவது வேண்டாமா? பக்கத்து ரூமில் யாராவது இருமினால்கூட, வீட்டில் ஒரு ஆள் இருக்கிறது என்று...

அது கிடக்கட்டும். அதைச் சொல்ல வரவில்லை.

தீப்பெட்டி விஷயம் சொன்னேனா? இல்லையா? அதுதான் முக்கியம், கேளுங்கள். எங்கள் வீட்டுக்காரர் டீ ஃபேக்டரியில் முப்பத்தாறு வருஷம் டீ மேக்கராக இருந்தவர். இலையைக் காய வைப்பதே வேலை. ஈரத்தைப் பற்றி அவருக்குத் தெரியாதது இல்லை. ஆனால் அவருக்கு ஒரு கிறுக்கு. குளிர் நாளில் கரிச்சட்டி மூட்டுவோம் இல்லையா, இரும்புச் சட்டியில் அடுப்புக்கரியைப் போட்டு, தணல் ஆனதும் ரூமுக்குள் கொண்டுவந்து வைப்போம், அதை எந்த ரூமுக்குள் கொண்டுவந்தாலும் சரி, உடனே எழுந்து போய் ஜன்னலைக் கொஞ்சம் திறந்து, அது மூடிக்கொள்ளாமல் இருக்க ஒரு தீப்பெட்டியைச் சொருகி வைப்பார். குறுக்குவாட்டில். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். இந்தப் பக்கம் சூடு பண்ணிக்கொண்டு அந்தப் பக்கம் குளிரை உள்ளே விட்டால் என்ன கணக்கு?

‘கரி மூச்சு விடும் இமெல்டா. அது வெளியே போக வழி வேணும்’ என்பார்.

‘ஏன், அதுக்கும் மூக்கு இருக்கா?’ என்பேன்.

‘சட்டி உள்ளே வந்தா தீப்பெட்டி ஜன்னல்ல இருக்கணும். அவ்வளவுதான்’ என்பார். காலுறை போடாமல் தூங்க மாட்டார், மழையில் நனைந்தால் உள்ளங்காலில் மிளகெண்ணெய் தேய்ப்பார், அது மாதிரி இதுவும் ஒன்று. மனுஷர் போய் இரண்டு வருஷம் ஆயிற்று. இந்த ஜூனில் அவர்கள் ரூம் ஜன்னலைத் துடைக்கும்போது பார்க்கிறேன், ஒரு தீப்பெட்டி ஊறி உப்பிப்போய் அந்தச் சந்தில் இன்னும் இருக்கிறது! மூடுபனி எந்த வழியாக உள்ளே வருகிறது என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. பிடுங்கி எறிந்துவிட்டு ஜன்னலை இறுக்கிச் சாத்தினேன். அதற்கப்புறம் திறக்கவே இல்லை.

ஆமாம், ஜூனில்தான். பூஞ்சை ஜூலையில் வந்தது. அதனால் என்ன?

என்ன, ஃபோன் போடுகிறீர்களா? ஜெனோவாவுக்கா? அவள்தான் பக்கத்திலேயே தூங்குகிறாளே. உள்ளே மணி அடிக்கிறது, கேட்கிறதா? எடுக்க மாட்டாள். நல்ல தூக்கம். வையுங்கள், பாவம்.

நேற்று மத்தியானம் நீங்கள் ஃபோன் பண்ணினீர்கள் இல்லையா? ‘நாளைக்குக் காலையில வந்து என் புள்ளயக் கூட்டிட்டுப் போறேன்’ என்று. கும்பிடுகூடப் போடவில்லை நீங்கள், நேராக விஷயத்துக்கு வந்தீர்கள். அப்போதே முடிவு பண்ணினேன். வரட்டும். வந்து அந்தச் சுவரைத் தொட்டுப் பார்க்கட்டும். தொட்டுப் பார்த்துவிட்டு, ஈரம் எங்கே என்று அவர்களே கேட்கட்டும்.

மத்தியானத்திலிருந்து இருட்டும் வரைக்கும் உட்காரவில்லை. பிளீச்சிங் பவுடரைக் கரைத்துத் தேங்காய் நாரால் தேய்த்தேன். பென்சில் கோடு, தேதி, எல்லாம் போயிற்று. அதன் மேல் சுண்ணாம்பில் மயில்துத்தம் கலந்து அடித்தேன். இந்தக் கையைப் பாருங்கள், வெந்திருக்கிறது. ஜன்னல் சந்திலெல்லாம் மைதாப் பசை தடவிப் பேப்பர் ஒட்டினேன், ஒரு துளி பனி உள்ளே வரக் கூடாது என்று. ஒரு கரிச்சட்டி போதாதென்று ஸ்டோர் ரூமில் கிடந்த இன்னொன்றையும் எடுத்துத் தேய்த்துக் கழுவினேன். சாயங்காலம் ஏழு மணிக்கு இரண்டையும் மூட்டி, சுவர் ஓரமாக, கட்டிலுக்கு அந்தப் பக்கம் ஒன்று, இந்தப் பக்கம் ஒன்று வைத்தேன்.

அவள் ஹாலில் படுக்கிறேன் என்றாள். உண்மையைச் சொல்ல வேண்டும் இல்லையா? சொன்னாள். தலையணையை எடுத்துக்கொண்டு சோஃபாவுக்கே வந்துவிட்டாள்.

‘உங்க அம்மா காலையில வந்து கதவைத் திறந்ததும், மருமகளை சோஃபாவுல போட்டிருக்காங்கன்னு பார்க்கணுமா? என் மானத்தை வாங்கணுமா?’ என்றேன். ‘சளி பிடிச்ச உடம்பு. ஹால் ஜில்லுன்னு இருக்கு. உள்ளே எவ்வளவு கதகதப்பா இருக்கு பாரு. போ.’

போனாள். வாயில்தான் பேச்சே தவிர, சொன்னால் கேட்கிற பெண்தான். நீங்கள் நன்றாகத்தான் வளர்த்திருக்கிறீர்கள்.

கதவைச் சாத்தி, அடியில் இருக்கிற சந்துக்கு எங்கள் வீட்டுக்காரருடைய பழைய ஸ்வெட்டரைச் சுருட்டி வைத்தேன். அந்தக் கதவு மழைக்கு ஊதிப்போயிருக்கிறது. இந்த வீட்டில் ஐப்பசி வந்தால் ஒரு கதவைத் திறக்க இரண்டு பேர் வேண்டும், வெளியே ஒருத்தர் தள்ள, உள்ளே ஒருத்தர் இழுக்க. அதனால்தான் நான் காலையில் கரி போடப் போகும்போது அவளை எழுப்ப வேண்டியதாகிவிட்டது. மணி ஐந்து இருக்கும். ‘ஜெனோவா, இழு’ என்று இரண்டு தடவை கூப்பிட்டேன். வந்து இழுத்தாள். நான் தள்ள, அவள் இழுக்க, திறந்தது. திறந்ததும் அப்படியே கட்டிலில் போய் உட்கார்ந்துகொண்டாள்.

சம்பந்தியம்மா, அந்தச் சுவர்! உள்ளங்கையை வைத்தேன். வெதுவெதுப்பாக, இப்போதுதான் இஸ்திரி போட்ட துணி மாதிரி இருந்தது. கையில் சுண்ணாம்பு ஒட்டியது, ஈரம் ஒட்டவில்லை. மூன்று மாதத்தில் முதல் தடவை. எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அவளையும் தொட்டுப் பார்க்கச் சொன்னேன். அவள் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

‘அத்தை, தலை வெடிக்குது. வாந்தி வர்ற மாதிரி இருக்கு. கொஞ்சம் ஜன்னலைத் தெறந்து விடுங்க.’

‘இன்னும் மூணு மணி நேரம் பொறுத்துக்கோ. உங்க அம்மா வந்து தொட்டுப் பார்த்ததும் நானே திறக்கிறேன். சுவர் காயட்டும்.’

‘ஆல்ட்ரின் சொல்லுவாங்க... மாமா தீப்பெட்டி வெப்பாங்கன்னு...’ வார்த்தை குழறியது. தூக்கக் கலக்கம்தான், வேறென்ன?

‘மாமா செத்து ரெண்டு வருஷம் ஆச்சு. இப்போ வீட்டைப் பார்த்துக்கறது நான்’ என்றேன். கொஞ்சம் சுருக்கென்றுதான் சொல்லிவிட்டேன். இரண்டு சட்டியிலும் கரியை நிறையப் போட்டுவிட்டு வந்தேன். எனக்கே தலை கிர்ரென்றது. கிச்சனுக்கு வந்து வாஷ்பேசினைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பித்தம். வெறும் வயிற்றில் வேலை செய்தால் எனக்கு அப்படித்தான் ஆகும். காப்பி குடித்ததும் சரியாகிவிட்டது. வரும்போது கதவை இரண்டு கையாலும் இழுத்துச் சாத்தி, ஸ்வெட்டரை மறுபடி சரியாக வைத்துவிட்டுத்தான் வந்தேன். நான் எதையும் அரைகுறையாகச் செய்கிறவள் இல்லை.

அப்புறம் எழுந்தாளா என்றா கேட்கிறீர்கள்? எழுந்தாள் என்றுதான் நினைக்கிறேன். ஆறு மணி வாக்கில் டம்ளரோ என்னவோ விழுந்து உருண்டது. அதற்குக் கொஞ்ச நேரம் கழித்துக் கதவைத் தட்டினாள். பலமாகத் தட்டவில்லை. கீழே, முட்டி உயரத்தில் யாரோ தட்டினாற்போல் இருந்தது. நான் இடியாப்பம் பிழிந்துகொண்டிருந்தேன், கையெல்லாம் மாவு. ‘இரு, வர்றேன்’ என்று இங்கிருந்தே குரல் கொடுத்தேன். மறுபடி தட்டவில்லை. இருமலும் இல்லை. சரி, திரும்பப் படுத்துவிட்டாள் என்று நான் வேலையைப் பார்த்தேன்.

என்ன? ஏன் இப்படிப் பார்க்கிறீர்கள்?

பாருங்கள், காப்பியைக் கொட்டிவிட்டீர்கள். பரவாயில்லை, விடுங்கள், நான் துடைத்துக்கொள்கிறேன். எங்கே போகிறீர்கள்? அந்த ரூம்தான், ஆமாம், வலது பக்கம். மெதுவாகப் போங்கள், தரை வழுக்கும். இந்த மழையில் தரையும் வியர்க்கும். சரி, பார்க்கத்தானே வந்தீர்கள், வந்து சுவரைத் தொட்டுப் பாருங்கள். நான் சொன்னதில் ஒரு வார்த்தை பொய் இருந்தால் இப்போதே கூட்டிக்கொண்டு போங்கள். ஆனால் காய்ந்திருந்தால், கையில் ஈரம் ஒட்டாவிட்டால், என் மருமகளை என்னிடம் விட்டுவிட்டுப் போக வேண்டும். இந்த மழைக்காலம் மட்டுமாவது. அவ்வளவுதான் நான் கேட்பது.

ஸ்வெட்டரை ஏன் இழுத்து எறிகிறீர்கள்? சூடெல்லாம் வெளியே போய்விடும்.

மறுபடி ஃபோன் போடுகிறீர்களா? மணி அடிக்கிறதே. எவ்வளவு பக்கத்தில் கேட்கிறது பாருங்கள், கதவுக்கு அந்தப் பக்கமே இருக்கிறாற்போல். கட்டில் அவ்வளவு பக்கத்தில் இல்லையே.

அப்படி இடிக்காதீர்கள் சம்பந்தியம்மா, உங்களுக்குத் தோள்பட்டை போய்விடும். சொன்னேனே, தனியாகத் தள்ளினால் வராது. நகருங்கள், நான் கூப்பிட்டால் எழுந்து வருவாள். காலையில் வந்தாள்.

ஜெனோவா. ஜெனோவா, உங்க அம்மா வந்திருக்காங்க. எழுந்திரு.

கோபம், வேறொன்றும் இல்லை. காலையில் சுருக்கென்று சொன்னேன் இல்லையா, அந்தக் கோபம். அம்மா வந்த தைரியம் வேறு.

ஜெனோவா, சுவர் காய்ஞ்சிருச்சும்மா. போதும். ஜன்னலைத் திறந்துக்கோ, நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன். பேப்பரைக் கிழிச்சுப் போட்டுட்டுத் திறந்துக்கோ. என் ரூம்ல வேணும்னா இன்னைக்கே படுத்துக்கோ. நான் இங்கே இருந்து தள்ளுறேன், நீ உள்ளே இருந்து இழு. என்ன? ஒண்ணு, ரெண்டு...

இழும்மா.

ஜெனோவா, கொஞ்சம் இழும்மா.